பன்மடிகளின் சிறப்பியல்பு வகுப்புகளைக் கணக்கிடுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி கணித மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் பகுதிக் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. கணிதம் முடித்தவர்களுக்கு இடவியல் என்றால் பெரும்பாலும் திறந்த கணம், தொடர்ச்சி, காம்பாக்ட் வெளி என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தாமாகவே இயற்கணித இடவியலைப் படிக்கத் துணிகிறவர்கள், ஹோமாலஜி, கோஹோமாலஜி வரை எப்படியோ வந்துவிடுகிறார்கள். சிறப்பியல்பு வகுப்புகளில்தான் பலர் புத்தகத்தை மூடி வைக்கிறார்கள். காரணம் எளியது. அப்படி வகுப்புகள் உண்டு என்று நிறுவுவதற்கே நூல்கள் பக்கம் பக்கமாகச் செலவிடுகின்றன. கையில் ஒரு கணக்கு வருவதற்குள் வாசகரின் பொறுமை தீர்ந்துவிடுகிறது.

வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. விதிகளை நம்பி ஏற்றுக்கொண்டு முதலில் கணக்கிடுங்கள். இருப்பை நிறுவும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அணிக்கோவை என்ற ஒன்று இருப்பதை நிறுவிவிட்டா பள்ளியில் அதைக் கணக்கிட்டோம்?

இக்கட்டுரையில் மாறிகளுக்கும் தமிழ் எழுத்துகளையே பயன்படுத்தியிருக்கிறேன். பரிமாணத்துக்கு ந, படிக்கு ட, மெய் வீழ்ப்பு வெளியின் பிறப்பாக்கிக்கு அ, கலப்பெண் வீழ்ப்பு வெளியின் பிறப்பாக்கிக்கு உ.

தொடங்குமுன் கைவசம் இருக்க வேண்டியவை

நேரியல் இயற்கணிதம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். குறிப்பாக இருமை வெளியும், ஒரு வெளியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் நேரியல் கோப்புகளின் வெளியும் (கோப்பு என்பது இங்கே ஒரு வெளியின் ஒவ்வொரு புள்ளியையும் இன்னொரு வெளியின் ஒரு புள்ளியோடு இணைக்கும் சார்பு). ஈருறுப்புத் தேற்றம், 2-ஐ மட்டாகக் கொண்ட எண்கணிதம், தொடரைத் தலைகீழாக்குதல் ஆகியவை போதுமான இயற்கணிதம். கோஹோமாலஜியைப் பற்றி இரண்டு செய்திகள் வேண்டும்: ஒவ்வொரு வெளிக்கும் ஒரு வளையம் கிடைக்கிறது, வெளிகளுக்கிடையே ஒரு கோப்பு முன்னோக்கிப் போனால் வளையங்களுக்கிடையே அது பின்னோக்கி வருகிறது.

பன்மடி என்பது அருகில் பார்த்தால் யூக்ளிட் வெளி போலவே தோன்றும் வெளி. வெக்டர் கற்றை என்பது பன்மடியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை வைத்து, புள்ளி நகரும்போது அதுவும் தொடர்ச்சியாக நகரும்படி அமைப்பது. ஒவ்வொரு புள்ளியிலும் தொடு வெளியை வைத்தால் தொடு கற்றை. எல்லாப் புள்ளிகளிலும் ஒரே வெளியை முறுக்கில்லாமல் வைத்தால் அற்பக் கற்றை. வட்டத்தின் மேல் மோபியஸ் பட்டை, அற்பமல்லாத கோட்டுக் கற்றைக்கு முதல் எடுத்துக்காட்டு. கற்றையில் உள்ள முறுக்கை அடிவெளியின் கோஹோமாலஜி வளையத்தில் ஓர் உறுப்பாகப் பதிவு செய்வதுதான் சிறப்பியல்பு வகுப்பு.

முதல் கட்டம்: எந்த வகுப்பு வேண்டும்?

இதைத் தீர்மானிக்காமல் தாளில் பேனா வைக்காதீர்கள். நான்கு குடும்பங்கள் உண்டு. 1935-இல் ஸ்டீஃபலும் விட்னியும் தனித்தனியே கண்டறிந்தவை மெய்க் கற்றைகளுக்கானவை. அவற்றின் கெழுக்கள் 0, 1 மட்டுமே. கலப்பெண் கற்றைகளுக்கு 1946-இல் செர்ன் தந்த வகுப்புகள் உண்டு. அவை முழு எண் கெழு கொண்டவை, இரட்டைப் பரிமாணங்களில் மட்டும் வருபவை. மெய்க் கற்றையைக் கலப்பெண்ணாக்கி அதன் செர்ன் வகுப்புகளிலிருந்து பெறுபவை 1940-களில் பொன்ட்ரியாகின் கண்டவை. திசைப்படுத்தப்பட்ட கற்றைக்கு ஆய்லர் வகுப்பு இருக்கிறது.

பன்மடி திசைப்படுத்தக்கூடியதா, எத்தனை பரிமாண யூக்ளிட் வெளிக்குள் அமிழும் (தன்னைத்தானே வெட்டிக்கொண்டாலும், எங்கும் கூர்முனை இல்லாமல் மழமழப்பாக அமையும்), வேறொரு பன்மடியின் விளிம்பாக அமையுமா என்பவை உங்கள் கேள்விகள் என்றால் ஸ்டீஃபல்–விட்னி. இயற்கணித வடிவியலிலிருந்து வந்த மேற்பரப்பு என்றால் செர்ன். நான்கு பரிமாணப் பன்மடியின் சிக்னேச்சர் (நடுப் பரிமாணக் கோஹோமாலஜியில் பெருக்கல் தரும் இருபடி வடிவத்தின் நேர்க்குறிகளின் எண்ணிக்கையிலிருந்து எதிர்க்குறிகளின் எண்ணிக்கையைக் கழித்தது) வேண்டுமென்றால் பொன்ட்ரியாகின். வெக்டர் புலத்துக்குப் பூச்சியமாகும் புள்ளி இல்லாமல் இருக்குமா என்று கேட்டால் ஆய்லர்.

இரண்டாம் கட்டம்: வளையத்தை எழுதுங்கள்

தாளின் மேல் மூலையில் வளையத்தை எழுதி வைத்துக்கொண்டு அதன் பிறகே நகருங்கள். ந பரிமாண மெய் வீழ்ப்பு வெளிக்கு (ஆதிப்புள்ளி வழியே செல்லும் கோடுகளின் வெளி) 2-ஐ மட்டாகக் கொண்ட வளையம், பரிமாணம் 1-இல் உள்ள அ என்ற ஒரே பிறப்பாக்கியால் ஆனது. அ-வின் (ந+1)-ஆம் அடுக்கு பூச்சியம். கலப்பெண் வீழ்ப்பு வெளிக்கும் இதே வடிவம்தான், ஆனால் உ பரிமாணம் 2-இல் இருக்கிறது, கெழுக்கள் முழு எண்கள். கோளத்துக்கு அடியிலும் உச்சியிலும் மட்டுமே உறுப்புகள். அடுக்கு எங்கே பூச்சியமாகிறது என்பதை மறந்தால் பிறகு வரும் விரிவு முழுவதும் வீண்.

மூன்றாம் கட்டம்: நான்கு விதிகள்

ஒரு கற்றையின் எல்லா ஸ்டீஃபல்–விட்னி வகுப்புகளையும் (கலப்பெண் கற்றையானால் செர்ன் வகுப்புகளையும்) கூட்டினால் வருவது மொத்த வகுப்பு. அதன் முதல் உறுப்பு 1. கற்றையின் தரத்துக்கு (ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள வெக்டர் வெளியின் பரிமாணம்) மேல் உறுப்புகள் இல்லை. இது ஒன்று. இரண்டு, கற்றையை ஒரு கோப்பு வழியே பின்னிழுத்தால் வகுப்பும் அதேபோல் பின்னிழுக்கப்படும். மூன்று, இரு கற்றைகளின் நேர்க்கூட்டலுடைய மொத்த வகுப்பு, அவற்றின் மொத்த வகுப்புகளின் பெருக்கல். நான்கு, மெய் வீழ்ப்பு வெளியின் இயல்பான கோட்டுக் கற்றைக்கு (ஒவ்வொரு புள்ளியிலும் அப்புள்ளி குறிக்கும் கோட்டையே வைப்பது) மொத்த வகுப்பு 1 + அ. கலப்பெண் வெளியில் அக்கற்றையின் இருமைக்கு 1 + உ.

அற்பக் கற்றையின் மொத்த வகுப்பு 1. ஆகவே எந்தக் கற்றையோடும் அற்பக் கற்றையைச் சேர்த்தாலும் மொத்த வகுப்பு மாறாது. சிறிய கவனிப்புதான், ஆனால் கீழே வருகிற எல்லாக் கணக்குகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

இரண்டாம் விதியைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. வளைவிலிருந்து வகுப்புகளைக் கணக்கிடும் செர்ன்–வெய்ல் முறை என்று ஒன்று உண்டு. அங்கே தேவைப்படும் இணைப்புகள் (கற்றையில் வெக்டரை ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் விதிகள்) எல்லாமே ஒரு பொது இணைப்பிலிருந்து பின்னிழுத்துப் பெறத்தக்கவை என்று 1961-இல் எம்.எஸ். நரசிம்மனும் எஸ். ரமணனும் நிறுவினார்கள். நரசிம்மன், நம் பழைய சேலம் மாவட்டத்துக்கு அடுத்திருந்த வட ஆர்க்காட்டின் கிராமப்புறக் குடும்பத்திலிருந்து வந்தவர். இந்தத் துறை நமக்கு எட்டாதது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நான்காம் கட்டம்: தொடு கற்றையை உடைப்பது

கணக்கின் உண்மையான உழைப்பு இங்கேதான். இதற்குப் பிறகு வருவது பத்தாம் வகுப்புப் பல்லுறுப்புக்கோவைப் பெருக்கல்.

கோளத்தை எடுத்துக்கொள்வோம். அது யூக்ளிட் வெளிக்குள் அமர்ந்திருக்கிறது; ஒவ்வொரு புள்ளியிலும் வெளிநோக்கிய செங்குத்துத் திசை ஒன்று உண்டு. தொடு கற்றையோடு இந்தச் செங்குத்துக் கோட்டைச் சேர்த்தால் சுற்றியுள்ள வெளி முழுவதும் கிடைக்கிறது. செங்குத்துக் கற்றையும் அற்பம், கூட்டலும் அற்பம். ஆகவே கோளத்தின் மொத்த ஸ்டீஃபல்–விட்னி வகுப்பு 1.

வீழ்ப்பு வெளியில் ஒரு புள்ளி என்பது (ந+1) பரிமாண வெளியில் ஒரு கோடு. அந்தக் கோட்டைச் சற்றே சாய்ப்பது என்றால், கோட்டிலிருந்து அதன் செங்குத்து நிரப்பிக்கு ஒரு நேரியல் கோப்பு கொடுப்பதாகும். எனவே தொடு வெளி என்பது அத்தகைய கோப்புகளின் வெளி. இதோடு, கோட்டிலிருந்து அதே கோட்டுக்குச் செல்லும் கோப்புகளையும் சேருங்கள். அவை ஓர் எண்ணால் பெருக்குவது மட்டுமே. ஆகவே அது அற்பக் கோட்டுக் கற்றை. இரண்டையும் கூட்டினால் கோட்டிலிருந்து முழு வெளிக்குச் செல்லும் கோப்புகள், அதாவது கோட்டின் இருமையின் (ந+1) பிரதிகள்.

இந்தப் பத்தியைப் படித்துவிட்டு நகராமல், ந = 1-க்குப் படம் வரைந்து பாருங்கள். பாலக்கோட்டிலிருந்து என்னிடம் படிக்க வரும் மாணவி ஒருவர், "சார், இந்த அற்பக் கற்றையை எதற்காகக் கூட வைத்துக்கொள்கிறோம்?" என்று கேட்டார். கூட்டாவிட்டால் பெருக்கல் விதியைப் பயன்படுத்த ஒரு வடிவம் கிடைக்காது. கூட்டினால் வகுப்பு மாறாது. செலவில்லாத உதவி என்பதால் கூட்டுகிறோம்.

மெய்க் கற்றையில் கோடும் அதன் இருமையும் ஒன்றே. கலப்பெண்ணில் அப்படி இல்லை. இருமையை மறந்தால் குறி மாறி, 1 + உ வர வேண்டிய இடத்தில் 1 − உ வந்து நிற்கும். சரிபார்க்க எளிய வழி உண்டு: ஒரு பரிமாணக் கலப்பெண் வீழ்ப்பு வெளி சாதாரணக் கோளமே. அதன் ஆய்லர் எண் (உச்சப் பரிமாண வகுப்பு தரும் எண்) +2 ஆக வர வேண்டும். −2 வந்தால் இருமை தவறியிருக்கிறது.

முடிவு: மெய் வீழ்ப்பு வெளியின் மொத்த வகுப்பு, 1 + அ என்பதன் (ந+1)-ஆம் அடுக்கு. கலப்பெண் வீழ்ப்பு வெளிக்கு, 1 + உ என்பதன் (ந+1)-ஆம் அடுக்கு.

ஐந்தாம் கட்டம்: மெய்க் கணக்குகள்

இவற்றைத் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம்.

ந = 2: (1 + அ)³ = 1 + 3அ + 3அ². 2-ஐ மட்டாக எடுத்தால் 1 + அ + அ². முதல் வகுப்பு பூச்சியமானால் மட்டுமே பன்மடி திசைப்படுத்தக்கூடியது. இங்கே அது பூச்சியமில்லை, ஆகவே வீழ்ப்புத் தளம் திசைப்படுத்த முடியாதது. அதை இருபடியாக்கினால் அ², அதுவும் பூச்சியமில்லை. உச்சப் பரிமாணத்தில் வரும் இத்தகைய எண்களில் ஒன்றேனும் பூச்சியமில்லை என்றால் அப்பன்மடி எந்தக் காம்பாக்ட் பன்மடிக்கும் விளிம்பாக அமையாது என்பது பொன்ட்ரியாகின் கண்டது. மறுதலையும் உண்மை என்று தோம் 1954-இல் காட்டினார். ஆக, வீழ்ப்புத் தளத்தை விளிம்பாகக் கொண்ட முப்பரிமாணக் காம்பாக்ட் பன்மடி கிடையாது.

ந = 3: (1 + அ)⁴-இல் இடைக் கெழுக்கள் 4, 6, 4. மூன்றும் இரட்டை. மொத்த வகுப்பு 1.

ந = 4: (1 + அ)⁵-இன் கெழுக்கள் 1, 5, 10, 10, 5; அ⁵ பூச்சியம். மிஞ்சுவது 1 + அ + அ⁴. இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்கலாம்: இந்தப் பன்மடி எத்தனை பரிமாண யூக்ளிட் வெளிக்குள் அமிழும்? அமிழ்ந்தால் தொடு கற்றையும் செங்குத்துக் கற்றையும் கூடி அற்பக் கற்றையாகும். ஆகவே செங்குத்துக் கற்றையின் வகுப்பு, தொடு கற்றையின் வகுப்புக்குத் தலைகீழ். நீள்வகுத்தல் வேண்டாம். 2-ஐ மட்டாகக் கொண்டால் (1 + அ)⁸ = 1 + அ⁸, நம் வளையத்தில் அது 1. எனவே ஐந்தாம் அடுக்கின் தலைகீழ் மூன்றாம் அடுக்கு: 1 + அ + அ² + அ³. மூன்றாம் வகுப்பு பூச்சியமில்லை என்பதால் செங்குத்துக் கற்றையின் தரம் குறைந்தது 3. ஆறு பரிமாணத்துக்குள் அமிழாது, ஏழு வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ பரிமாணமுள்ள எந்தப் பன்மடியும், பரிமாணத்தின் இருமடங்கில் ஒன்று குறைத்த வெளிக்குள் அமிழும் என்பது விட்னியின் தேற்றம். ஆகவே ஏழு போதும். மேல்வரம்பும் கீழ்வரம்பும் இப்படி ஒரே எண்ணில் சந்திப்பது இத்துறையில் அடிக்கடி கிடைக்கும் இன்பம் அன்று.

ஆறாம் கட்டம்: கலப்பெண் மேற்பரப்புகள்

முதலில் கலப்பெண் வீழ்ப்புத் தளம்: (1 + உ)³ = 1 + 3உ + 3உ². உச்ச வகுப்பின் கெழு 3. அதுவே ஆய்லர் எண். முதல் பொன்ட்ரியாகின் வகுப்பு, முதல் செர்ன் வகுப்பின் இருபடியிலிருந்து இரண்டாம் செர்ன் வகுப்பின் இருமடங்கைக் கழித்தது: 9 − 6 = 3. நான்கு மெய்ப் பரிமாணத்தில் சிக்னேச்சர் அதில் மூன்றில் ஒரு பங்கு என்பது ஹிர்செப்ரூக்கின் தேற்றம். விடை 1. நேரடியாகக் கோஹோமாலஜி வளையத்தைப் பார்த்தாலும் 1-தான்.

அடுத்து, முப்பரிமாணக் கலப்பெண் வீழ்ப்பு வெளியில் படி ட உடைய ஒரு சமன்பாட்டின் மழமழப்பான மேற்பரப்பு. மேற்பரப்பின் தொடு கற்றையும் செங்குத்துக் கற்றையும் சேர்ந்தால் சுற்றுவெளியின் தொடு கற்றை. செங்குத்துக் கற்றையின் மொத்த வகுப்பு 1 + டஉ. ஆகவே மேற்பரப்பின் மொத்த வகுப்பு, (1 + உ)⁴-ஐ 1 + டஉ-வால் வகுத்தது. உ² வரை விரித்தால்: முதல் கெழு 4 − ட, இரண்டாம் கெழு 6 − 4ட + ட².

கடைசியில் ஒரு வேலை பாக்கி. மேற்பரப்பின் மேல் உ²-இன் மதிப்பு 1 அன்று, ட. ஒரு கோடு மேற்பரப்பை ட புள்ளிகளில் வெட்டுகிறது என்பதுதான் காரணம். எனவே ஆய்லர் எண் ட × (ட² − 4ட + 6). புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தப் பெருக்கலைத்தான்.

ட = 2 என்றால் 4. இந்த மேற்பரப்பு இரு கோளங்களின் பெருக்கல்; 2 × 2 = 4, சரி. ட = 3 என்றால் 9. கனப் பரப்பு, வீழ்ப்புத் தளத்தில் ஆறு புள்ளிகளை ஊதிப் பெருக்கி (ஒவ்வொரு புள்ளியையும் எடுத்துவிட்டு அங்கே ஒரு கோளத்தை வைத்து) பெறுவது; 3 + 6 = 9, சரி. சிக்னேச்சரையும் பாருங்கள்: முதல் வகுப்பின் இருபடி 3, அதிலிருந்து 18 போக −15, மூன்றில் ஒரு பங்கு −5. ஊதிப் பெருக்கும் வழியில் 1 − 6 = −5. இரு வழிகளும் ஒத்துப்போகின்றன.

ட = 4 சிறப்பானது. முதல் கெழு பூச்சியம், இரண்டாம் கெழு 6, ஆய்லர் எண் 24. இதற்குக் கே3 என்று பெயர். கும்மர், கேலர், கொடைரா ஆகிய மூவரையும் கே2 சிகரத்தையும் நினைத்து ஆந்த்ரே வெய்ல் வைத்தது. பொன்ட்ரியாகின் எண் 0 − 48, சிக்னேச்சர் −16. முதல் செர்ன் வகுப்பு பூச்சியமானதால், அதை 2-ஐ மட்டாக எடுத்தால் வரும் இரண்டாம் ஸ்டீஃபல்–விட்னி வகுப்பும் பூச்சியம். அப்படிப்பட்ட, திசைப்படுத்தக்கூடிய, மழமழப்பான, மூடிய நான்கு பரிமாணப் பன்மடியின் சிக்னேச்சர் 16-ஆல் வகுபடும் என்று ரோக்லின் 1952-இல் நிறுவினார். கே3 அந்த எல்லையைச் சரியாகத் தொட்டு நிற்கிறது.

கலப்பெண் மேற்பரப்புக்கு எப்போதும் கைகொடுக்கும் ஒரு சோதனை: முதல் வகுப்பின் இருபடி எண்ணையும் இரண்டாம் வகுப்பின் எண்ணையும் கூட்டினால் 12-ஆல் வகுபட வேண்டும். வீழ்ப்புத் தளம் 9 + 3 = 12. ட = 2: 8 + 4 = 12. ட = 3: 3 + 9 = 12. ட = 4: 0 + 24. ட = 5: 5 + 55 = 60. வகுபடவில்லையா? விரிவைத் திரும்பப் பாருங்கள், தேற்றத்தைச் சந்தேகிக்காதீர்கள்.

பூச்சியம் வந்தால் என்ன பொருள்?

ஓசூர் பக்கம் மனை வாங்கியவர்களுக்கு வில்லங்கச் சான்றிதழ் தெரிந்திருக்கும். அதில் தீர்க்கப்படாத அடமானம் ஒன்று பதிவாகியிருந்தால் சொத்தில் சிக்கல் நிச்சயம். அப்படி எந்தப் பதிவும் இல்லை என்று வந்தால், பதிவாகாத சிக்கல் வேறு எதுவும் இல்லை என்று அது உறுதி சொல்லாது. சிறப்பியல்பு வகுப்பும் இவ்வளவுதான் சொல்கிறது. பூச்சியமில்லை என்றால் கற்றை முறுக்கியிருப்பது உறுதி. பூச்சியம் என்றால் நீங்கள் இன்னும் தேட வேண்டும்.

இரு பரிமாணக் கோளத்தின் மொத்த ஸ்டீஃபல்–விட்னி வகுப்பு 1. ஆனாலும் அதன் தொடு கற்றை அற்பம் அன்று. ஆய்லர் எண் 2 அதைக் காட்டிக்கொடுக்கிறது. 15 பரிமாண மெய் வீழ்ப்பு வெளிக்கும் (1 + அ)¹⁶ என்பது 1. ஆனால் தொடு கற்றை அற்பமாவது 1, 3, 7 ஆகிய பரிமாணங்களில் மட்டுமே. கோளங்களுக்கும் இப்படித்தான் என்று 1958-இல் நிறுவப்பட்டது.

கற்றையை உடைக்க முடியாதபோது

மூடிய பன்மடியாக இருந்து, 2-ஐ மட்டாகக் கொண்ட கோஹோமாலஜி வளையமும் அதன் மேல் ஸ்டீன்ராட் செயலிகளும் (ஓர் உறுப்பை உயர்ந்த பரிமாண உறுப்பாக மாற்றுபவை) தெரிந்திருந்தால், தொடு கற்றையைப் பார்க்காமலேயே ஸ்டீஃபல்–விட்னி வகுப்புகளைக் கணக்கிடலாம். இது வூ வென்சூன் 1950-இல் தந்த வழி. கலப்பெண் வீழ்ப்புத் தளத்தில், உ-வின் மேல் இரண்டாம் செயலி தருவது உ². எந்த உறுப்பை உ-வோடு பெருக்கினால் உ² வருமோ, அதுவே இரண்டாம் வூ வகுப்பு, அதாவது உ. அதன் மேல் மீண்டும் செயலிகளை இட்டால் மொத்த வகுப்பு 1 + உ + உ². மேலே வந்த 1 + 3உ + 3உ²-ஐ 2-ஐ மட்டாக எடுத்தாலும் இதுவே. ஸ்டீஃபல்–விட்னி வகுப்புகள் பன்மடியின் ஹோமோடோப்பி வகையை (தொடர்ச்சியாக உருமாற்றினாலும் மாறாத வடிவ வகையை) மட்டுமே சார்ந்தவை என்பதும் இதிலிருந்து வெளிப்படுகிறது. பொன்ட்ரியாகின் வகுப்புகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

கருவிகளும் துணையும்

கை கணக்கில் பழகிய பிறகு கணினிக்குப் போங்கள். முன்பே போனால் எண் வரும், எதற்கு வந்தது என்று தெரியாது. சேஜ்மேத் என்ற கணித மென்பொருள் இலவசம். அதன் சேஜ்செல் பக்கத்தில் எதையும் நிறுவாமலே, கைப்பேசியிலிருந்தும் பல்லுறுப்புக்கோவைகளை விரிக்கலாம். இயற்கணிதப் பன்மடிகளின் செர்ன் வகுப்புகளுக்கு மெக்காலே2 இருக்கிறது, அதுவும் இலவசம்.

பாடம் கேட்க, ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல் இணையக் காணொளிகளில் இயற்கணித இடவியல் வகுப்புகள் உண்டு. நேரில் ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டுமென்றால், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். இந்திய அறிவியல் கழகமும் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் மையமும் அங்கே இருக்கின்றன. சென்னையில் கணித அறிவியல் நிறுவனமும் சென்னை கணிதக் கழகமும். இவற்றின் பொதுச் சொற்பொழிவுகளுக்குப் போய் வாருங்கள். எம்.டி.டி.எஸ். (கணிதப் பயிற்சி, திறன் தேடல்) பயிற்சி முகாமுக்கும் தேசிய கணித மையத்தின் அடித்தளப் பள்ளிகளுக்கும் அறிவிப்பு வந்தவுடன் விண்ணப்பியுங்கள். மா சீசனில் தோப்பு வேலை இருக்கிறது என்று தள்ளிப்போட்டால் கடைசித் தேதி போய்விடும்.

செய்து பார்க்க

இரு வீழ்ப்புத் தளங்களின் பெருக்கலுக்கு மொத்த ஸ்டீஃபல்–விட்னி வகுப்பை எழுதுங்கள். இரு பிறப்பாக்கிகள் வேண்டும். அது ஒரு விளிம்பா என்றும் சொல்லுங்கள்.

ஐந்து பரிமாண மெய் வீழ்ப்பு வெளியில் (1 + அ)⁶ விரித்து, அது திசைப்படுத்தக்கூடியது என்று காட்டுங்கள்.

நான்கு பரிமாணக் கலப்பெண் வீழ்ப்பு வெளியில் படி 5 உடைய முப்பரிமாணப் பன்மடியை எடுத்து, (1 + உ)⁵-ஐ 1 + 5உ-வால் வகுத்து உ³ வரை செல்லுங்கள். முதல் கெழு 0, இரண்டாவது 10, மூன்றாவது −40 வர வேண்டும். ஆய்லர் எண் −200. −40-இலேயே நின்றுவிட்டீர்கள் என்றால், ஆறாம் கட்டத்தில் சொன்ன பெருக்கலை விட்டுவிட்டீர்கள்.